நெய்வேலி: கடைசி பஸ்ஸும் மூணு பல்கலைக்கழகமும்

ஒரு சின்னக் கணக்கு. கடலூர் மாவட்டத்துல இருக்கிற ஏதாவது ஒரு பழைய கலைக்கல்லூரியை எடுத்துக்குங்க. 1995ல ஒருத்தர், 2005ல ஒருத்தர், 2023ல ஒருத்தர் அதுல சேர்றாங்க. அதே கட்டடம், அதே வேப்பமரம், அதே பஸ் ஸ்டாப். ஆனா மூணு பேரு படிச்சதும் மூணு வேற வேற பல்கலைக்கழகத்துக்குக் கீழ! முதல் ஆளுக்கு சென்னைப் பல்கலைக்கழகம், ரெண்டாமவருக்கு திருவள்ளுவர், மூணாமவருக்கு அண்ணாமலை.

"எந்த யுனிவர்சிட்டியில படிக்கப் போறே?"ன்னு சொந்தக்காரங்க கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். வீட்டிலிருந்தே போய்ப் படிச்ச நெய்வேலிப் பிள்ளைங்க பல பேரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கவே இல்லைங்க. பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தாங்க. பல்கலைக்கழகம் அதோட ஒட்டிக்கிட்டு வந்தது, அவ்வளவுதான். அது ஏன் அப்படி ஆச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

சொந்தமில்லாத வீடு

நெய்வேலிக்காரங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், மத்தவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு போட்டப்ப தண்ணியோட கருப்பா ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14ல நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவாச்சு. 1957ல நேரு வந்து சுரங்கவெட்டைத் தொடங்கி வச்சார். 1961ல நிலக்கரி கண்ணுல பட்டது. 1962ல சோவியத் உதவியோட கட்டின அனல்மின் நிலையத்துல முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சுது.

அதோட சேர்ந்து ஒரு ஊரும் வந்தது. நேர்நேரா ரோடு, ரெண்டு பக்கமும் மரம், 'வட்டம்'னு நம்பர் போட்ட குடியிருப்புகள். எழுதும்போது வட்டம், பேசும்போது பிளாக். திருநெல்வேலி, கோயம்புத்தூர், தஞ்சாவூர், கேரளா, ஆந்திரான்னு எங்கெங்கிருந்தோ வந்தவங்க அந்தக் குவார்ட்டர்ஸ்ல குடியேறினாங்க.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். குவார்ட்டர்ஸ் வேலையோட சேர்ந்தது. வேலை முடிஞ்சா வீடும் முடிஞ்சுது. அதனால 'வீட்டிலிருந்தே படிக்கிறது'ங்கிறதுக்கு இந்த ஊர்ல ஒரு கடைசித் தேதி உண்டு. அது அப்பாவோட ரிட்டயர்மென்ட் தேதி.

வேற ஊர்ல பிள்ளைக்குப் பிளஸ் டூ முடிஞ்சா மார்க்கைப் பார்ப்பாங்க. எங்க ஊர்ல மார்க்கோட சேர்த்து இன்னொரு கணக்கும் போடுவாங்க. "பையன் டிகிரி முடிக்கும்போது நீங்க சர்வீஸ்ல இருப்பீங்களா?" எங்க வீட்டுலயும் அந்தக் கணக்கு நடந்தது. மூணு வருஷ டிகிரின்னா சமாளிக்கலாம், நாலு வருஷப் படிப்புன்னா கடைசி வருஷம் இடிக்கும். பக்கத்து வீட்டு மாமா இதுக்காகவே முன்கூட்டியே இந்திரா நகர்ல ஒரு மனை வாங்கிப் போட்டார். டவுன்ஷிப் ஓரத்துல இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம்னு இத்தனை வீடு எழும்பினதுக்குப் பின்னாடி இந்த மாதிரிக் கணக்குகளும் இருக்கு.

பதினஞ்சு வயசுல ஊரை விட்டுப் போனவங்க

நாங்களாவது பரவாயில்லை. எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு இது இன்னும் கஷ்டம்.

தமிழ்நாட்டுல பிளஸ் டூ வந்தது 1978லதான். முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980ல நடந்தது. அதுக்கு முன்னாடி பதினோராம் வகுப்போட எஸ்.எஸ்.எல்.சி. முடிஞ்சுடும். அடுத்தது பி.யூ.சி.ங்கிற ஒரு வருஷப் புகுமுக வகுப்பு. அது பள்ளிக்கூடத்துல கிடையாது, கல்லூரியிலதான். அப்புறம் மூணு வருஷம் பட்டப்படிப்பு.

இதோட அர்த்தம் என்னன்னா, 60கள்லயும் 70கள்லயும் நெய்வேலியில படிச்ச பிள்ளை பதினஞ்சு, பதினாறு வயசுலயே வெளியூர்க் கல்லூரிக்குப் போயாகணும். விருத்தாசலம், கடலூர், சிதம்பரம், இல்லேன்னா பாண்டிச்சேரி. தினமும் பஸ்ஸுல போய்வர வயசும் சின்னது, பஸ்ஸும் கம்மி. அதனால நிறைய பேரை 'சொந்த ஊருக்கு' அனுப்பினாங்க. அதாவது தாத்தா பாட்டி இருக்கிற ஊருக்கு. குவார்ட்டர்ஸ் ஒரு வீடு, சொந்த ஊர் இன்னொரு வீடு. அந்த ரெண்டாவது வீடு எந்த ஊர்ல இருந்துச்சோ அங்க இருக்கிற கல்லூரிதான் பையனோட கல்லூரி.

பெண் பிள்ளைங்க? நல்லா படிச்ச எத்தனையோ அக்காக்கள் எஸ்.எஸ்.எல்.சி.யோட நின்னுட்டாங்க. யாரும் படிக்கக் கூடாதுன்னு சத்தம் போடலை. "அவ்வளவு தூரம் எப்படித் தனியா..."ன்னு இழுத்தாங்க. அந்த இழுவையிலயே விஷயம் முடிஞ்சுடும்.

1978ல பிளஸ் டூ வந்ததை எல்லாரும் பாடத்திட்ட மாற்றமா மட்டும்தான் பேசுவாங்க. எங்க ஊரைப் பொறுத்தவரைக்கும் அது பிள்ளைங்களுக்கு வீட்டுல கிடைச்ச ஒரு வருஷம். பதினாறு வயசு பதினேழாச்சு. பிறகு 80கள்ல டவுன்ஷிப்புக்குள்ளயே ஜவஹர் அறிவியல் கல்லூரி வந்ததும், ஒரு பெண் குவார்ட்டர்ஸை விட்டு வெளியூருக்குப் போகாமலே பி.எஸ்சி. வாங்க முடியும்ங்கிற நிலைமை வந்தது. எங்க அக்கா அப்படி சைக்கிள்ல போய்ப் படிச்சவங்கதான். அவங்களுக்குப் பிடிச்ச பாடம் கிடைச்சுதான்னு கேட்டா அது வேற கதை. சைக்கிள் போற தூரத்துல என்ன பாடம் இருந்துச்சோ அதுதான் அவங்க பாடம்.

ரெண்டு விதமான பல்கலைக்கழகம்

இப்ப கொஞ்சம் தூரம் போயிட்டு வருவோம். நெய்வேலியில நடக்கிறது புரியணும்னா லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் ஒரு எட்டு போகணும். டிக்கெட் வேண்டாம் :-)

1836ல லண்டன் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சப்ப அது பாடம் நடத்துற இடமே இல்லை. மாணவன் வேற கல்லூரியில படிப்பான், பல்கலைக்கழகம் பரீட்சை வச்சு பட்டம் கொடுக்கும். இந்த மாதிரியை வச்சுத்தான் 1857ல கல்கத்தா, பம்பாய், சென்னைன்னு மூணு பல்கலைக்கழகம் இங்க வந்தது. தென்னாற்காட்டுல ஒரு கல்லூரியில படிக்கிற பையனுக்குச் சேப்பாக்கத்துல இருந்து கேள்வித்தாள் வரும், மார்க் ஷீட் வரும். பல்கலைக்கழகக் கட்டடத்தையே பார்க்காம பட்டதாரி ஆகிடலாம்.

இதுக்கு எதிர்ப்பேச்சும் வந்தது. 1917ல மைக்கேல் சாட்லர் தலைமையில கல்கத்தா பல்கலைக்கழகக் குழு போட்டாங்க. 1919ல அவங்க கொடுத்த அறிக்கை, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்துல இருந்து பாடம் நடக்கிற பல்கலைக்கழகங்கள் வேணும்னு சொல்லுச்சு. 1921ல டாக்கா பல்கலைக்கழகம் அந்த வழியில வந்தது. நம்ம பக்கத்துல அதே வகையில வந்ததுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1920ல சிதம்பரத்துல மீனாட்சி கல்லூரியை ஆரம்பிச்ச ராஜா சர் அண்ணாமலை செட்டியார், தன் கல்விநிலையங்களையும் 20 லட்ச ரூபாயையும் கொடுக்க, 1929ல பல்கலைக்கழகம் பிறந்தது. அதுக்கு வெளியூர்ல இணைப்புக் கல்லூரி எதுவும் கிடையாது. அண்ணாமலை நகருக்குப் போனாத்தான் அண்ணாமலைப் பட்டம். விடுதியில தங்கிப் படிக்கணும்ங்கிறதுதான் எண்ணமே.

ஆக, நெய்வேலியைச் சுத்தி ரெண்டு வகையும் இருந்துச்சு. கடலூர், விருத்தாசலம்னு போனா சென்னைப் பல்கலைக்கழகம், தேர்வு வைக்கிற வகை. சிதம்பரம் போனா அண்ணாமலை, தங்கிப் படிக்கிற வகை. ஆனா எங்க ஊர்க்காரங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? தங்கிப் படிக்கிறதுக்குன்னே கட்டின பல்கலைக்கழகத்துக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கிட்டு தினமும் பஸ்ஸுல போயிட்டு வந்தாங்க! ஹாஸ்டல் காசு மிச்சம். அம்மா சமையல். அதோட, சாயங்காலம் வீடு வந்து சேரணும்.

அந்த பஸ் ரூட்டு

நானும் அப்படிப் போனவன்தான். அக்காவுக்குச் சைக்கிள் தூரம், எனக்கு பஸ் தூரம். வீட்டுல இதுக்குக் காரணம் யாரும் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

நெய்வேலியிலிருந்து வடலூர், அங்கிருந்து சேத்தியாத்தோப்பு. அங்க கிழக்கால திரும்பி புவனகிரி, அப்புறம் வெள்ளாத்தைத் தாண்டி சிதம்பரம். ஒரு பக்கம் நாப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல. காலையில ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஊருக்குள்ள பல்கலைக்கழகம் வரைக்கும் தனி. பஸ்ஸு மேல முதல்ல தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம்னு இருக்கும். 1997ல எல்லாக் கழகங்களும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்னு ஒரே பேருக்கு வந்தது. பஸ் அதேதான், ஜன்னல் ஷட்டர் விழாம கட்டிவச்ச கயிறும் அதேதான்.

வடலூர்ல வள்ளலார் 1867ல ஆரம்பிச்ச தருமச்சாலை இருக்கு. அன்னிக்கு மூட்டின அடுப்பு இன்னும் அணையலை. பஸ் கிடைக்காம வடலூர்ல மாட்டிக்கிட்ட எத்தனையோ மாணவங்க அங்க சாப்பிட்டிருக்காங்க, யாரு எவருன்னு கேட்காம சோறு போடுவாங்க. அந்த வகையில எங்க ரூட்டுல படிச்சவங்களுக்கு வள்ளலாரும் ஒரு ஸ்காலர்ஷிப் கொடுத்திருக்கார்.

தினமும் பஸ்ஸுல போய்ப் படிக்கிறவனுக்கு என்ன கிடைக்காதுன்னா, சாயங்காலம் கிடைக்காது. வகுப்பு முடிஞ்சதும் லைப்ரரியில உட்கார முடியாது. நாடகம், விவாதம், கிரிக்கெட் மேட்ச் எல்லாம் அஞ்சு மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும், நாங்க அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிப்போம். பிராக்டிகல் இருக்கிற பாடம்னா லேட்டாகும்னு, அதுக்காகவே கெமிஸ்ட்ரியை விட்டுட்டு மேத்ஸ் எடுத்தவங்களை எனக்குத் தெரியும். பாடத்தைத் தீர்மானிச்சது மூளை இல்லைங்க, கடைசி பஸ்.

என்ன கிடைச்சதுன்னும் சொல்லணும். அப்பா நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குறதையும், அம்மா குடும்பக் கணக்கு எழுதுறதையும் பார்த்துக்கிட்டே படிச்சோம். நம்ம படிப்புக்கு என்ன செலவாகுதுன்னு எங்களுக்கு ஒவ்வொரு நாளும் தெரியும். ஹாஸ்டல் பசங்களுக்கு அது மாசம் ஒருதடவை மணியார்டர் வரும்போது மட்டும்தான் தெரியும்.

80களின் நடுவுல இருந்து சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வர ஆரம்பிச்சதும் இன்னொரு மாற்றம். காலேஜ் பஸ்! டவுன்ஷிப் ஸ்டாப்புலயே வந்து ஏத்திக்கிட்டு, சாயங்காலம் அங்கேயே இறக்கிவிடும். 'இந்த காலேஜ் நல்ல காலேஜா?'ங்கிற கேள்வி, 'இந்த காலேஜ் பஸ் நம்ம பிளாக்குக்கு வருமா?'ன்னு மாறிப்போச்சு. பெண்ணைப் பெத்தவங்களுக்கு அது பெரிய நிம்மதி, அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் கட்டினாங்க. அதைக் கட்ட முடியாதவங்க மறுபடியும் அரசு பஸ்ஸுக்கும் அரசுக் கல்லூரிக்கும்தான் வரணும்.

பேர் மாறின கதை

இப்ப முதல்ல சொன்ன கணக்குக்கு வருவோம்.

1966ல மதுரை, 1982ல பாரதிதாசன், பாரதியார்னு புதுப் பல்கலைக்கழகங்கள் வந்து வேற பல மாவட்டங்கள் பிரிஞ்சப்பவும் தென்னாற்காடு சென்னையோடயே இருந்துச்சு. 1993ல தென்னாற்காடு மாவட்டமே ரெண்டாப் பிரிஞ்சப்பவும் பல்கலைக்கழகம் மாறலை. 2002ல திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. வேலூர் கோட்டைக்குள்ள ஆரம்பிச்சு, அப்புறம் சேர்க்காட்டுக்குப் போச்சு. கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அதுக்குக் கீழ போயின.

வரைபடத்தை எடுத்துப் பாருங்க. நெய்வேலியில இருந்து வேலூர் போகணும்னா பண்ருட்டி, விழுப்புரம், திருவண்ணாமலைன்னு தாண்டிப் போகணும். ஒரு சான்றிதழ்ல பேர் தப்பா இருந்தா அதைத் திருத்த ஒரு முழு நாள், அப்பாவுக்கு ஒரு நாள் லீவு. ஐம்பது கிலோமீட்டருக்குள்ள சிதம்பரத்துல ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்க, வேலூருக்குப் போய் நின்னாங்க. ஏன்னா அண்ணாமலை யாரையும் இணைச்சுக்கிற பல்கலைக்கழகம் இல்லை.

அதுவும் மாறுச்சு. பணநெருக்கடிக்கு அப்புறம் 2013ல தனிச்சட்டம் போட்டு தமிழக அரசு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில விழுப்புரத்துல டாக்டர் ஜெ. ஜெயலலிதா பேர்ல ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. அதே வருஷம் ஆட்சி மாறி, ஆகஸ்ட் கடைசியில அதை அண்ணாமலையோட இணைக்கிற சட்டம் வந்தது. எதிர்க்கட்சி கடுமையா எதிர்த்தாங்க. அந்த அரசியலுக்குள்ள நான் போகலை. விளைவை மட்டும் பாருங்க: கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலையோட இணைப்புக் கல்லூரிகள் ஆயிடுச்சு. 1929ல 'இங்க வந்து தங்கிப் படி'ன்னு ஆரம்பிச்ச பல்கலைக்கழகம், 92 வருஷம் கழிச்சு 'நீ இருக்கிற இடத்துலயே படி, பட்டம் நான் தரேன்'னு சொல்லுது. லண்டன் வழி ஜெயிச்சுடுச்சுன்னு வச்சுக்கலாமா?

நான் மூணு மணி நேரம் பஸ்ஸுல நின்னு வாங்கின பேரை, இன்னிக்கு ஒரு பெண் சைக்கிள்ல போய் வாங்கலாம். எனக்கு இதுல பொறாமை இல்லைங்க, சந்தோஷம்தான். ஆனா பேர் மட்டும்தான் பக்கத்துல வந்திருக்கு. அந்த லைப்ரரி, அந்த ஆய்வுக்கூடம், ஒரு துறையில பல வருஷம் ஊறின பேராசிரியர்கள் எல்லாம் இன்னும் அந்த நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கு.

வீடே நகர்ந்தவங்க

இன்னொரு கூட்டத்தையும் சொல்லாம விட்டா இந்த வரலாறு முழுசாகாது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவங்க. குவார்ட்டர்ஸ்காரங்களுக்கு வீட்டுக்குக் கடைசித் தேதி முன்னாடியே தெரியும். சுத்துப்பட்டு கிராமங்களுக்கு அதுவும் தெரியாது. சுரங்கம் விரிய விரிய ஊர் நகரும். ஊர் நகர்ந்தா பஸ் ஸ்டாப்பும் நகரும். 2023 ஜூலையில சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில நெல்லு நின்ன வயல்ல இயந்திரம் இறங்கினப்ப தமிழ்நாடே பார்த்துச்சு. நாங்க காலேஜுக்குப் போன ரோட்டுக்குப் பக்கத்து வயல்கள் அது.

அந்த வீடுகள்ல முதல் தடவையா கல்லூரிக்குப் போற பிள்ளைக்கு ஹாஸ்டல்ங்கிற பேச்சே கிடையாது. பஸ் இருந்தா படிப்பு, இல்லேன்னா இல்லை. 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகள்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022ல அரசுப் பள்ளியில படிச்சு மேல படிக்கிற பெண்களுக்கு மாசம் 1000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டம் வந்தது. 2024ல பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன். இதையெல்லாம் 'இலவசம்'னு ஒரு வார்த்தையில தள்ளுறவங்க, "அவ்வளவு தூரம் எப்படி..."ங்கிற அந்த இழுவையைக் கேட்டதில்லைன்னு நினைக்கிறேன். ஆனா இலவசப் பயணம் டவுன் பஸ்ஸோட நிக்குது. சிதம்பரம் போற வெளியூர் வண்டிக்கு அது இல்லை. ஆக இன்னிக்கும் டவுன் பஸ் போற எல்லைதான் பல பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தோட எல்லை.

இப்ப பிளஸ் டூ முடிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு, இந்த வரலாறு சொல்றதை நான் இப்படித்தான் எடுத்துக்கிறேன். பட்டத்துல இருக்கிற பல்கலைக்கழகப் பேரு முப்பது வருஷத்துல ரெண்டு தடவை மாறும், அதுக்காக அடிச்சுக்க வேண்டாம். கல்லூரியில அந்தத் துறையில எத்தனை ஆசிரியர் நிரந்தரமா இருக்காங்க, லேப் உண்மையிலேயே திறந்திருக்கான்னு நேர்ல போய்ப் பாருங்க. காலை பஸ்ஸைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு பாருங்க. அப்பாவோட சர்வீஸ் எத்தனை வருஷம் பாக்கின்னு வெளிப்படையா உட்கார்ந்து பேசுங்க. முக்கியமா, அண்ணனுக்குப் போட்ட அதே கிலோமீட்டர் கணக்கைத் தங்கச்சிக்கும் போடுங்க.

உங்க வீட்டுல பி.யூ.சி. படிச்ச பெரியவங்க யாராவது இருந்தா, எந்த பஸ்ஸுல போனாங்க, யாரு வீட்டுல தங்கினாங்கன்னு ஒருதடவை கேட்டுப் பாருங்க. எஸ்.எஸ்.எல்.சி.யோட நின்ன பெரியம்மாக்கள் இருந்தா, அவங்களை இன்னும் சீக்கிரமாக் கேளுங்க.